எமது கிற்றாரும் எமது காதும்

“தமிழ் வாத்தியாருக்குக் கிற்றார் எதற்கு?” என்னும் வினாவை எம்மிடம் வினவாதார் எம் ஊரில் மிகச் சிலரே. பகலில் நன்னூல் பிடிக்கும் கையில் இரவில் மின்சாரக் கிற்றார் எங்ஙனம் தங்கும் என்பது அவர்தம் ஐயம். மலர்க்குழுவினர் எம்மிடம் ஒரு கட்டுரை வேண்டியபோது, புணரியல் பற்றியோ பெரியபுராணம் பற்றியோ நாம் எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருத்தல் கூடும். இருபது ஆண்டுகளாக நாம் எழுதிவந்தனவும் அத்தகையனவே. இம்முறை, நாம் இப்பொழுது மேடைக்குக் கொண்டுசெல்லும் கிற்றார் யாது, அம்பிளிபயர் யாது, அவற்றை ஏன் தெரிந்துகொண்டோம் என்பதையே எழுதத் துணிந்தோம். பார்வைக்கு இது கருவிகளின் வரலாறு போலத் தோன்றினும், உள்ளே நாம் செய்த ஒரு பிழையின் வரலாறும் உண்டு. பழைய மாணவ நண்பர்கள் பொறுத்தருள்க.

நாம் வாசிக்கும் இசைக்குழுவில் எம்மோடு சேர்ந்து அறுவர். திருமண வீடு, பூப்புனித நீராட்டு விழா, கோயிற் பூங்காவனத் திருவிழா, பாடசாலை ஆண்டு விழா என்று வடமராட்சி முதல் தீவகம் வரை எமது பெட்டிகள் செல்லாத இடம் குறைவு. பெரும்பாலும் திரைப்பாடல்களே எம்மிடம் வேண்டப்படுவன. எனினும் இரவு பத்து மணிக்குமேல், தலை நரைத்த ஒருவர் எழுந்து வந்து, “தம்பி, ஒரு பழைய பொப் பாட்டுப் போடுமன்” என்பார். 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஈழத்தில் எழுந்த தமிழ்ப் பொப் இசையை அன்னோர் மறந்திலர். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ என்னும் பாடலை எம்மவர் பேச்சுத் தமிழிலேயே கிற்றாரோடு பாடினார். ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் கடந்து தமிழகத்தையும் ஆட்டுவித்தது. அக்காலத்திற் கிற்றார் யாழ்ப்பாணத்தாருக்கு அந்நியக் கருவியாக இருக்கவில்லை என்பதற்கு அப்பாடல்களே சான்று.

“எனினும் அது மேனாட்டார் கருவியன்றோ?” என்று ஆசிரிய நண்பர் ஒருவர் எம்மை இடித்துரைப்பதுண்டு. வயலினும் மேனாட்டிலிருந்து வந்ததே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாராகிய பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கருநாடக இசைக்குக் கொணர்ந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? எம் காலத்திலே யூ. சிறீநிவாஸ் (1969–2014) ஐந்து தந்திகள் பூட்டிய மின்சார மண்டலினிலே கமகங்களைப் பேசவைத்தார். மீட்டியவுடன் ஓசை மாய்ந்துபோகும் மண்டலினில் நீண்ட கமகம் நிற்றல் அரிது. மின்சாரமே அந்த ஓசைக்கு ஆயுள் கொடுத்தது. மேலும், பாணன் ஒருவன் யாழ் வாசித்துப் பரிசாகப் பெற்ற மணற்றிடரே யாழ்ப்பாணம் என்று ஐதிகம் கூறும் நாட்டிலே, நரம்புக் கருவி ஒன்றை ஏந்துவோன் எவனும் அந்நியன் ஆகான் என்பது எமது எண்ணம்.

இனி, நாம் கிற்றார் பயின்ற கதையைச் சிறிது கூறுதல் வேண்டும்.

1990 ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது நாம் பத்து வயதுச் சிறுவர். அதன்பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதொழிந்தது. மண்ணெண்ணெயும் மின்கலமும் பொருளாதாரத் தடைக்கு உட்பட்டன. ஜாம் போத்தலுள் பஞ்சுத்திரி இட்டு எரித்த சிறு விளக்கின் ஒளியிலே நாம் படித்தோம். வானொலி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து மின் எடுத்தோம். இவற்றை இம்மலரை வாசிப்போருட் பலர் நன்கு அறிவர்.

எமது அயலில் ஒரு பெரியவர் இருந்தார். 1970களில் இசைக்குழு ஒன்றிற் கிற்றார் வாசித்தவர். அவர் வீட்டுச் சுவரில் யப்பானில் செய்யப்பட்ட ‘தெய்ஸ்கோ’ மின்சாரக் கிற்றார் ஒன்று துணி போர்த்தித் தொங்கியது. மரக் கிற்றாருக்கு வயிறு குடைவாக இருத்தலின் அதன் ஓசை அறை முழுதும் கேட்கும். மின்சாரக் கிற்றாரோ கட்டி மரம். மின் இல்லையேல் தந்தியின் மெல்லிய கிணுகிணுப்பு அன்றி வேறொன்றும் கேளாது. அதனைத் தொட்டுப் பார்க்க நாம் ஆசையுற்று நின்றதைக் கண்ட பெரியவர் அதை எமது மடியில் வைத்து, “தம்பி, காதை மரத்திலை வைச்சுக் கேளும்” என்றார். செவியைக் கிற்றாரின் தோளில் ஒற்றி ஒரு தந்தியைத் தட்டினோம். மரத்தின் வழியாகவும் எமது கன்னத்து எலும்பின் வழியாகவும் அந்த ஓசை உள்ளே புகுந்தது. வெளியே ஒருவரும் கேட்டிலர். ஐந்தாண்டுக் காலம் நாம் அவ்வாறே பயின்றோம்.

ஒருநாட் பெரியவர் ஒரு பழைய கசற் வானொலிப் பெட்டியைத் திறந்து, நான்கு இருவாயிகளை இணைத்து, சைக்கிள் டைனமோவின் மின்னை அதற்கு ஏற்றவாறு ஆக்கி, கிற்றாரின் வயரை அதன் ஒலிவாங்கித் துளையில் மாட்டினார். எம் தமையனார் பெடலைச் சுற்றினார். சைக்கிள் டைனமோ தருவது 6 உவோல்ற்று, 3 உவாற்று. அவ்வளவே. ஆயினும் அக்கிற்றார் முதன்முதலாக வாய் திறந்து பேசியதை நாம் அன்று கேட்டோம். தமையனார் களைத்தால் ஓசையும் களைத்தது. அவர் விரைந்து சுற்றினால் அதுவும் எழுந்தது. முற்றத்திற் கூடியிருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் மூச்சடக்கிக் கேட்டனர்.

1995 ஆம் ஆண்டு ஒற்றோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்தது. பெரியவர் கையில் ஒரு பையும் மூதாட்டியாகிய தம் தாயாரும் அன்றிப் பிறிதொன்றும் கொண்டிலர். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டுக்கு ஓடும் இல்லை. சுவரிற் கிற்றாரும் இல்லை. நாம் அழுதோம். அவர், “கை இருக்குதுதானே” என்று மட்டும் கூறினார். பின்னர் அவரும் பிள்ளைகளோடு கனடா சென்று, அங்கேயே காலமானார்.

மின்சாரம் மீண்டது. நாமும் படித்து, கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று, பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் சான்றிதழோடு வெளியேறினோம். முதல் ஆண்டுச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு கிற்றார் வாங்கினோம். ஆண்டுகள் செல்ல, கொழும்பிற் பாவித்த வால்வு அம்பிளிபயர் ஒன்றையும் வாங்கினோம். 100 உவாற்று வலு. கீழே 12 அங்குல ஸ்பீக்கர் நான்கு கொண்ட பெட்டி. அதனைத் தூக்க இருவர் வேண்டும். மூன்று உவாற்றிற் கேட்டு வளர்ந்த எமக்கு நூறு உவாற்று ஓர் அரசுரிமை போல இருந்தது.

மின்சாரக் கிற்றார் எவ்வாறு பேசுகிறது என்பதை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுதல் பொருந்தும். தந்திகளின் கீழே காந்தமும், அதனைச் சுற்றி ஆயிரக்கணக்கான முறை சுற்றிய மயிரினும் மெல்லிய செப்புக் கம்பியும் உள்ளன. இதனைக் கிற்றார்க்காரர் ‘பிக்கப்’ என்பர். உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகின்றது. அவ்வசைவு சுருளில் மிகச் சிறு மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கின்றது. அதனை அம்பிளிபயர் பெருக்கி ஸ்பீக்கருக்கு ஈகின்றது. அமெரிக்காவிலே ஜோர்ஜ் போஷாம் என்பாரும் அடொல்ஃப் றிக்கன்பாக்கர் என்பாரும் 1930களின் தொடக்கத்தில் இம்முறையிற் கிற்றார் செய்து விற்றனர். பெரிய வாத்தியக் குழுக்களின் நடுவே கிற்றாரின் மெல்லோசை கேளாமையே அதற்குக் காரணம். லியோ பெண்டர் 1950களின் தொடக்கத்தில் ரெலிகாஸ்ரரையும் 1954 இல் ஸ்ராற்றோகாஸ்ரரையும் வெளியிட்டார். அவர் கிற்றார் வாசிக்க அறியாதவர் என்பது வியப்புக்குரியது. ஒற்றைச் சுருளானது அயலிலுள்ள மின்விளக்கு, மின்மாற்றி முதலியவற்றின் இரைச்சலையும் சேர்த்து வாங்கும். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955 அளவில் இரு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி இணைத்து அவ்விரைச்சலைத் தானே தன்னை அழித்துக்கொள்ளச் செய்தார்.

இலண்டனில் ஜிம் மாஷல் 1962 இல் அம்பிளிபயர் செய்யத் தொடங்கினார். சில ஆண்டுகளுள் அது 100 உவாற்று ஆயிற்று. அதனை வேண்டிப் பெற்றவருள் ஒருவர் ‘த ஹூ’ குழுவின் பீற் ரவுன்ஷெண்ட். பின்னாளில் தம் செவி கெட்டதை உலகறியச் சொன்னவரும் அவரே. கேளாமையை நீக்க எழுந்த கருவி, கேளாமையைக் கொடுக்கும் கருவியாயிற்று. இவ்வரலாற்றை நாம் பலமுறை வாசித்திருந்தும், எம்மைப் பற்றியது அது என்று ஒருநாளும் எண்ணினோமில்லை.

வால்வு அம்பிளிபயரின் இயல்பு ஒன்று உண்டு. அதன் ஓசை இனிமையாகக் கனிவது அது தன் முழு வலுவை நெருங்கும்போதே. ஆகையால் வாசிப்போன் ஒலியை உயர்த்தவே விரும்புவான். பெட்டி தரையில் இருக்கும். ஓசை அவன் முழங்காலுக்குப் பின்னாற் பாய்ந்து முன்வரிசையில் இருப்போர் முகத்தில் அறையும். அவன் காதுக்கு அது போதாது என்று தோன்றும். இன்னும் உயர்த்துவான். அதுகண்டு தாளக்காரர் ஓங்கி அடிப்பார். பாடுவோர் தம் குரல் கேளாமற் கத்துவர். பதின்மூன்று ஆண்டுகள், மாதம் ஏழெட்டு இரவுகள், இதுவே எமது வாழ்வு. பின்னிரவில் வீடு மீண்டு படுக்கும்போது காதில் ஒரு சில்வண்டு பாடும். விடியுமுன் அடங்கிவிடும். அடங்கியது என்று மகிழ்ந்தோம்.

2019 ஆம் ஆண்டில் ஒருநாள், தரம் 7 இல் வாசிப்புப் பாடம். வணிகன் ஒருவன் குதிரை வாங்கிய கதை. மூன்றாம் வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து வாசித்தான். “காசு கொடுத்து” என்றிருந்த இடத்தில் அவன் “காது கொடுத்து” என்று வாசித்தான். திருத்தினோம். மீண்டும் அவ்வாறே வாசித்தான். மூன்றாம் முறையும் அவ்வாறே. விளையாடுகின்றான் என்று கருதி, வகுப்பு முடியும்வரை நிற்குமாறு பணித்தோம். அவன் கண் கலங்கி, “சேர், நான் ‘காசு’ எண்டுதான் வாசிச்சனான்” என்றான். நாம் கேட்கவில்லை. அப்பொழுது வகுப்புத் தலைவன் எழுந்து, “சேர், அவன் சரியாத்தான் வாசிக்கிறான்” என்றான். வகுப்பு முழுதும் எம்மையே நோக்கிற்று. ஒரு பிள்ளையேனும் நகைக்கவில்லை. நகைத்திருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவனை இருக்கச் செய்து, பாடத்தை வேறொன்றுக்கு மாற்றி, மணி அடித்ததும் ஆசிரியர் அறைக்குச் சென்று தனியே அமர்ந்தோம். சில மாதங்களாக, பின்வரிசைப் பிள்ளைகள் ‘முணுமுணுக்கின்றார்கள்’ என்று நாம் குறைகூறி வந்தமை நினைவுக்கு வந்தது. வீட்டிலே, “ஏன் கத்திக் கதைக்கிறீங்கள்?” என்று மனைவியார் கேட்டு வந்தமையும் நினைவுக்கு வந்தது. ஓர் எழுத்தின் பிறப்பையும் ஒலிப்பையும் கற்பிப்பதற்கே சம்பளம் பெறும் ஒருவருக்கு, வல்லினத்துள் ஒன்று காதிற் சேராமற் போயிற்று என்றால் அவர் எதைக் கொண்டு கற்பிப்பார்?

செவி வைத்தியர் ஒருவரிடம் சென்றோம். ஒலி புகாத சிறு அறையில் இருத்தி, காதிற் பல சுருதிகளை ஒலித்துச் சோதித்தார். வரைபடத்திலே செக்கனுக்கு 4000 அதிர்வுகள் உள்ள இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பேரொலியாற் கெட்ட செவிகளிற் பெரும்பாலும் அவ்விடத்திலேயே பள்ளம் முதலில் விழும் என்றார். உட்செவியில் நத்தையோடு போன்ற சுருளினுள் மெல்லிய மயிரணுக்கள் உள்ளன. அவை ஒலியை நரம்புக்கு உணர்த்துவன. மாந்தரில் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளையா. உயிரெழுத்துக்கள் தாழ்ந்த சுருதியில் ஒலிப்பன. ஆகவே அவை தப்பின. இரு உயிர்களின் நடுவே நாம் ஒலிக்கும் சகரம் சீறும் ஓசை, உயர்ந்த சுருதியது. அதுவே எமக்கு முதலில் மங்கிற்று.

அமெரிக்கத் தொழில்நலத் துறையினர் வகுத்த அளவொன்றை அவர் காட்டினார். 85 தெசிபெல் ஒலியில் ஒருவர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 தெசிபெல் ஏறும்தோறும் அந்நேரம் பாதியாகும். அவ்வாறெனின் 100 தெசிபெலில் இருக்கத்தக்க நேரம் 15 நிமிடமே. எமது மேடையில் அதனினும் மிகுந்த ஒலியில் நான்கு மணி நேரம் நின்றோம் என்பதைக் கணக்கிட்டு அறிய ஆசிரியப் பயிற்சி வேண்டியதில்லை. பிற்காலத்தில், 2022 இல், உலக சுகாதார நிறுவனமும் இசை நிகழும் இடங்களுக்கு 15 நிமிடச் சராசரி 100 தெசிபெலுக்கு மேற்படலாகாது என்று வரையறை செய்தது.

“கிற்றாரை விட்டுவிடவோ?” என்று கேட்டோம். “ஏன் விடவேணும், மாஸ்ரர்? சத்தத்தை விடுங்கோ” என்றார் வைத்தியர்.

2020 இற் கொரோனாத் தொற்று வந்து விழாக்கள் நின்றன. ஊர் அடங்கியிருந்த அவ்விரவுகளிலேதான் காதிலிருந்த சில்வண்டு விடியும்போதும் அடங்கவில்லை என்பதைத் தெளிவாக அறிந்தோம். அவ்வோய்வில், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வகுப்புக்காக மீண்டும் எடுத்தோம். மாதவியின் ஆடலரங்குக்கு உரிய ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்போர் ஒவ்வொருவருக்கும் இளங்கோவடிகள் இலக்கணம் வகுக்கின்றார். நாம் பலமுறை கற்பித்த பகுதி அது. இம்முறை தண்ணுமை ஆசிரியனிடத்தே எமது கண் நின்றுவிட்டது. பிற கருவிகளின் ஓசை குறையும் இடத்தை அவன் நிரப்புதல் வேண்டும். மிகும் இடத்தை அடக்குதல் வேண்டும். அவ்விரண்டிலும் அளவு கடத்தலாகாது. இதுவே அங்குக் கூறப்படும் கருத்து. பிள்ளைகளுக்கு இதனை விளக்கிப் புள்ளியும் இட்டோம். எமது மேடைக்கு இது பொருந்தும் என்பது மட்டும் எமக்குப் புலப்பட்டிலது.

ஆகவே கருவிகளைப் புதிதாகத் தெரிந்துகொள்ளத் துணிந்தோம். 2022 இன் பொருளாதார நெருக்கடி அதற்கு இடையூறாயிற்று. ரூபாவின் மதிப்பு வீழ்ந்து, இறக்குமதிப் பொருள்களின் விலை இரட்டித்தது. மின்வெட்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டது. எம் பிள்ளைகளும் விளக்கொளியிற் படித்தனர். ஆதலின் நாம் வாங்கியன யாவும் பாவித்தனவே. அவை வருமாறு.

கிற்றார், யமகா நிறுவனத்தின் பசிபிக்கா 112வி. பெயர் பெற்ற பெருங்கருவி அன்று. பயில்வோருக்கென்று செய்யப்பட்டது என்பர். எமக்கு அது போதும். பாலத்தின் அருகில் இரட்டைச் சுருள் ஒன்றும், நடுவிலும் கழுத்தருகிலும் ஒற்றைச் சுருள் இரண்டும் உடையது. கோயில் வீதியில் ஜெனறேற்றர் ஓட, தலைக்குமேல் வண்ண விளக்குகள் தொங்கும்போது ஒற்றைச் சுருள்கள் இரையும். அப்பொழுது இரட்டைச் சுருளுக்கு மாறுவோம். மண்டபங்களில் பழைய பாடல்களுக்கு ஒற்றைச் சுருளின் தெளிவே இனிது. ஆறு தந்திகளுட் தடித்தது அங்குலத்தில் ஆயிரத்தில் 46 பங்கு, மெல்லியது 10 பங்கு. கடற்காற்றிலும் வியர்வையிலும் அவை எளிதில் துருப்பிடிப்பதால் ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்தே பெட்டியில் வைப்போம்.

அம்பிளிபயர், பொஸ் நிறுவனம் 2016 இல் வெளியிட்ட கற்றானா 50. வால்வு இல்லாதது. வால்வுகளின் குணங்களைக் கணித முறையாற் பாவனை செய்து காட்டும் இக்காலக் கருவி. 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. ஒருவரே ஒரு கையால் தூக்கலாம். எமக்கு வேண்டிய சிறப்பு அதன் வலுத் திருகியில் உள்ளது: 50, 25, அரை உவாற்று என மூன்று படிகள். குறைந்த ஒலியிலும் கனிந்த ஓசை வரும். வலுவை இரட்டித்தால் ஏறுவது 3 தெசிபெல் மாத்திரமே. ஐம்பதிலிருந்து அரை உவாற்றுக்கு இறங்கினால் வலு நூறில் ஒன்றாகும். தெசிபெல் 20 குறையும். செவிக்கோ அது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போலவே தோன்றும். இழப்பது அவ்வளவே, தப்புவது பெரிது.

பெட்டியைத் தரையில் வைப்பதை விட்டோம். நாற்காலி ஒன்றின்மேல் சற்றுச் சாய்த்து, எமது காதை நோக்கி வைக்கின்றோம். அதன் வாயருகே ஒரு மைக். சூர் நிறுவனத்தின் எஸ்.எம்.57, 1965 முதல் உலகெங்கும் மேடைகளில் உள்ளது. சபையோருக்கு எமது ஓசையைக் கொண்டுசெல்வது மிக்சரில் இருக்கும் ஒலிபெருக்கிக்காரரின் பணி, எமதன்று. காதுகளில் இசைஞருக்கென்று செய்யப்பட்ட செவியடைப்பான். பஞ்சு அடைத்தால் உயர்சுருதி மட்டும் மங்கும். இது எல்லாச் சுருதிகளையும் ஒத்த அளவிற் குறைக்கும். இன்னும் ஒன்று: மின்சோதிக்கும் சிறு திருகாணிச் செலுத்தி. மேடையில் நிலத்தொடுப்புச் சரியாக உள்ளதா என்று பாராமல் மைக்கில் உதடு வைப்பதில்லை. 1972 இல் சுவான்சி நகர மேடையிலே லெஸ் ஹார்வி என்னும் கிற்றார்க் கலைஞர் நிலத்தொடுப்பில்லா மைக்கைத் தொட்டு மின்தாக்கி மாண்டார். ஜெனறேற்றரை நம்பி வாழும் எம்போன்றோர் இதனை மறத்தலாகாது.

குழுவினர் இம்மாற்றத்தை உவந்து ஏற்றனர் என்று கூறினால் அது பொய்யாகும். “சின்னப் பெட்டியோடை போனால் ஆர் மதிப்பினம்? சனத்துக்கு அதிரவேணும்” என்றார் தாளக்காரர். எம் இடத்துக்கு வேறு ஓர் இளைஞரைப் பார்க்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. அது நியாயமே என்று நாமும் எண்ணினோம். ஆயினும் ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் பொறுக்குமாறு வேண்டினோம்.

அது தென்மராட்சியில் ஒரு கோயிற் பூங்காவனம். வலுத் திருகியை அரை உவாற்றில் வைத்தோம். முதற் பாடல் முடியும்வரை எமக்கே அச்சம். கை ஒடிந்தது போல் இருந்தது. எம்மோசை தாழவே தாளக்காரரும் தம்மையறியாமல் கை தாழ்த்தினார். மூன்றாம் பாடல் முடிந்ததும் பாடுபவர் எம் பக்கம் திரும்பி, “மாஸ்ரர், இண்டைக்குத்தான் என்ரை குரல் எனக்குக் கேக்குது” என்றார். ஏழாண்டுகளாக எம் அருகில் நின்று பாடியவர் அவர். சபையோர் எவரும் குறை கூறவில்லை. முன்வரிசையிற் குழந்தையோடு இருந்த தாய்மார் எழுந்து பின்னே செல்லவில்லை. நிகழ்ச்சியின் பின் தாளக்காரர் ஒன்றும் பேசாது எமது பெட்டியைத் தாமே தூக்கி வானில் ஏற்றினார். வேறு இளைஞர் பேச்சு பின்னர் எழவில்லை.

இழப்பு இல்லையென்று சொல்லோம். நூறு உவாற்றின் முன் நிற்கும்போது முதுகில் ஒரு காற்று வந்து தள்ளும். தந்தியை விட்டபின்னும் ஓசை தானே வளரும். அதனைச் சுவைத்தவர் எளிதில் மறவார். நாமும் மறந்திலம். பழைய வால்வுப் பெட்டியை இளைஞர் ஒருவர் வாங்கிக்கொண்டார். குற்றம் அதனுடையதன்று என்றும், அதனை எவ்வளவு தொலைவில், எவ்வளவு உயரத்தில் வைத்தல் வேண்டும் என்றும் கூறி, புதிய செவியடைப்பான் ஒரு சோடியையும் விலையின்றிக் கொடுத்தோம். அவர் அதனைச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டார். காதில் இடுவார் என்று நம்புகின்றோம்.

இப்பொழுது வகுப்பில் நாம் மேசையருகே நிற்பதில்லை. வாசிக்கும் பிள்ளையின் அருகே சென்று, அதன் வாயைப் பார்த்தவாறு கேட்கின்றோம். உயர்சுருதியைச் சற்று மிகுத்துத் தரும் செவிக்கருவி ஒன்றை வலக்காதில் அணிந்துள்ளோம். பிள்ளைகள் முதலில் வியந்தனர், பின்னர் மறந்தனர். அன்று நிற்கவைத்த மாணவனிடம், வைத்தியரைக் கண்ட மறுநாளே வகுப்பின் முன்னிலையில், “தம்பி, நீர் சரியாக வாசித்தீர், எமது காதுதான் பிழையாகக் கேட்டது” என்று கூறினோம். அவன் தலைகுனிந்து, “பரவாயில்லை சேர்” என்றான். அவன் இன்று உயர்தரம் கற்கின்றான். சென்ற ஆண்டு கிற்றார் பயில விரும்பி எம்மிடம் வந்தான்.

முதற் பாடத்தன்று எம் வீட்டில் மின்சாரம் இருந்தது, அம்பிளிபயரும் இருந்தது. நாம் வயரை மாட்டவில்லை. கிற்றாரை அவன் மடியில் வைத்து, காதை மரத்தில் ஒற்றிக் கேட்குமாறு கூறினோம். நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். அதன் பின்னரே அரை உவாற்றைத் திறந்தோம். எம் தமையனார் பெடல் சுற்றிய நாளிற் கேட்ட மூன்று உவாற்றிலும் அது குறைவு. எனினும் அறை நிறைந்திருந்தது.